உறுப்புத் தேடு படலம்



இப்பொழுது உங்கள் செவியில் விழுவது என்னுடைய குரலன்று. என் குரலின் சாயலைத் தாங்கிய மின்னோட்டமொன்று மிக மெலிந்ததாய் உங்கள் வானொலிப் பெட்டிக்குள் வந்து சேர்கின்றது. அதனைப் பன்மடங்கு வலுப்படுத்தி, கடதாசிக் கூம்பொன்றை அசைக்குமளவுக்கு ஆற்றல் கொடுக்கின்ற சுற்று ஒன்று அப்பெட்டிக்குள் இருக்கின்றது. அதன் உழைப்பையே நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அச்சுற்றைக் கடைத்தெருவில் 'அம்பிளிபயர்' என்பார்கள். நம் பாடநூல்கள் 'விரியலாக்கி' என்கின்றன. பொதுமக்கள் நாவிலோ சுற்றும் ஒலிபெருக்கி, கூம்பும் ஒலிபெருக்கி, கோவில் வீதியில் மரத்தில் கட்டும் குழாயும் ஒலிபெருக்கியே. இன்றைய பேச்சில் ஒலியை வெளிவிடும் கூம்பை மாத்திரம் ஒலிபெருக்கி என்பேன். மின்னை வலுப்படுத்தும் சுற்றை விரியலாக்கி என்பேன்.

மாணவர் ஒருவர் முதன்முறையாகத் தம் கையால் விரியலாக்கி ஒன்றைச் செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய உறுப்புக்களை அவர் எங்கே, எவ்வாறு தேடிக்கொள்வது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பற்றாசு பிடிக்கும் விதத்தைக் கற்பிக்க நான் வரவில்லை. அதற்கு விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழையும் வரலாற்றையும் கற்பித்துப் பின் அதிபராக வந்த எனக்கு அது அடுக்காது. ஆனால் பல ஆண்டுகளாக ஒன்றைக் கவனித்து வந்திருக்கிறேன். இம்முயற்சியைக் கைவிடும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பற்றாசு மேசையிலே கைவிடுவதில்லை. கடை வாசலிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். கையிலே சுற்றின் படம் இருக்கும், பையிலே சிறிது காசு இருக்கும். கடைக்காரர் கேட்கும் முதற் கேள்விக்கு விடை இராது.

உறுப்புத் தேடுதல் இந்நாட்டு வானொலியின் பிறப்போடு கூடவே பிறந்த கலை என்பதை முதலிற் சொல்லவேண்டும். 1920 களின் முற்பகுதியிலே கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டு இசை சோதனையாக ஒலிபரப்பப்பட்டது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் என்பவரும் அவருடைய சகாக்களும் அதற்குப் பயன்படுத்திய ஒலிபரப்புக் கருவியைக் கடையிலே வாங்கவில்லை. போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனத்தைப் பிரித்தெடுத்து, அந்த உறுப்புக்களைக் கொண்டே அதனை அமைத்தார்கள் என்பது நம் ஒலிபரப்பு வரலாற்றிலே தவறாமல் இடம்பெறும் செய்தி. பின்னர், 1925 டிசம்பர் 16 ஆம் நாள், கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆகவே பழைய இரும்புக் குவியலைக் கிளறும் சிறுவனைப் பார்த்து முகஞ் சுளிக்கும் பெற்றோர்கள், தாங்கள் கேட்கும் வானொலியும் அத்தகைய கிளறலிலேதான் உண்டானது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதன் பின்னரும் நமக்கு உறுப்புக்கள் எளிதாகக் கிடைத்த காலம் குறைவே. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 1990 நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது; வானொலிக்கு வேண்டிய மின்கலங்களோ கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. அந்நாளிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, அயலவர் கூடியிருந்து செய்தி கேட்டதைக் கண்டவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்று அளவான ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். இடையிலே நான்கு இருவாயிகளும், ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்த ஒரு கொள்ளளவியும் வேண்டும். அவை பழுதாய்ப் போன பெட்டிகளிலிருந்தே வந்தன. கலைப்பீட மாணவனாயிருந்த நான் 'இருவாயி' என்னும் சொல்லின் பொருளை அறிந்தது நூலகத்திலன்று, அத்தகைய சைக்கிள் ஒன்றின் பக்கத்திலேதான்.

இன்றைய மாணவனின் இடர் வேறு வகையானது. 2022 ஆம் ஆண்டிலே ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது இச்சிறு பொருள்களின் விலையும் கூடவே ஏறியது உண்மை. ஆயினும் பொருள் இல்லாமையன்று, பொருள் மிகுந்து கிடப்பதே இன்றுள்ள இடர். கொழும்பிலே கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்திலுள்ள புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவிலே, இலத்திரனியல் உறுப்புக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கும். சிறிய கடையொன்றிலே நின்று, "நானா, ரி. டி. ஏ. 2030 இருக்கா?" என்று பிள்ளை கேட்கின்றது. "தம்பி, ஒறிஜினலா, கொப்பியா?" என்று கேள்வி திரும்பி வருகின்றது. முற்கூறிய முதற் கேள்வி இதுதான். நேர்மையான வியாபாரி இப்படிக் கேட்கிறார் என்பதை நாம் மெச்சவேண்டும். கேளாமலே கொடுப்பவரும் உண்டு. கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால், கடைக்குப் போகுமுன்னரே சில காரியங்கள் முடிந்திருக்க வேண்டும்.

வழக்கமாகப் பிள்ளைகள் செய்வது என்ன? கைத்தொலைபேசியிலே 100 வாற்று விரியலாக்கி ஒன்றின் படத்தைக் காண்கிறார்கள். அப்படத்திலுள்ள உறுப்புக்களைத் தேடிப் புறப்படுகிறார்கள். பாதி கிடைக்கின்றது, பாதி கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுக்கு ஏற்ற மின்வழங்கி வீட்டிலே இல்லை. நான் சொல்வது இதற்கு நேர்மாறான வழி: முதலிலே மின் எங்கிருந்து வரப்போகின்றது என்பதைத் தீர்மானியுங்கள், அந்த மின்னுக்கு ஏற்ற சுற்றைப் பிறகு தெரிந்தெடுங்கள், சில்லறை உறுப்புக்களைக் கடைசியிலே வாங்குங்கள். சமையலுக்குப் புறப்படுமுன் அடுப்பு விறகடுப்பா, எரிவாயு அடுப்பா என்று பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

வாற்றுக் கணக்கைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. விற்பனைப் பெட்டிகளின் மேல் 1000 வாற்று, 2000 வாற்று என்று பொறித்து, அருகே 'பி. எம். பி. ஓ.' என்று சிறிய எழுத்திலே போட்டிருப்பார்கள். அது எந்த அளவுகோலுக்கும் அடங்காத எண். திருவிழாக் கடையிலே விற்கும் பலூனைப் போன்றது. உண்மையில் நம் செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஆற்றல் ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். 4 வாற்றுக்கும் 8 வாற்றுக்குமுள்ள வேறுபாடு செவிக்குச் சிறிதாகவே படும். ஆகவே முதல் விரியலாக்கிக்கு 4 வாற்று தாராளம். ஒரு வகுப்பறைக்கு அது போதும்.

அந்த 4 வாற்றைப் பெறுவதற்கு 12 வோல்ற்று நேரோட்டமே போதுமானது. இதனை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளுக்கு வரும் மின் 230 வோல்ற்று. அது உயிரைக் கொல்லும். பதினைந்து வயதுப் பிள்ளையின் முதல் முயற்சியிலே அந்த மின் மேசையின் மேல் வெறுங் கம்பியாகக் கிடக்கவேண்டிய அவசியம் இல்லை. பழுதாகாத 12 வோல்ற்று மின்வழங்கி இன்று பல வீடுகளின் மூலைகளிலே கிடக்கின்றது. இணைய இணைப்புக்கான பழைய 'ரவுற்றர்' பெட்டியோடு வந்த சிறிய 'அடாப்ரர்' பெரும்பாலும் 12 வோல்ற்று, 1 அம்பியராக இருக்கும். அதன் முதுகிலே எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். மோட்டார்ச் சைக்கிளின் மின்கலவடுக்கும் உதவும். ஆனால் மின்கலவடுக்கின் முனைகள் ஒன்றையொன்று தொட்டால் கம்பி செந்தழலாகிவிடும். ஆதலால் 2 அம்பியர் உருகி ஒன்றை மின்கலவடுக்கின் முனைக்கு மிக அண்மையிலே வைக்கவேண்டும். மடிக்கணினியின் அடாப்ரரைப் பிள்ளைகள் ஆசையோடு கொண்டுவருவார்கள். அது பெரும்பாலும் 19 வோல்ற்றுத் தருவது. இனி நான் சொல்லப்போகும் சுற்றுக்கு அது ஒவ்வாது.

அந்தச் சுற்றின் நடுநாயகம் 'ரி. டி. ஏ. 2003' என்னும் ஐ. சி. ஐந்து கால்களும், முதுகிலே துளையுள்ள உலோகத் தகடும் உடைய கறுப்புத் துண்டு. மோட்டார் வாகன வானொலிகளுக்காக ஆக்கப்பட்டமையால் 8 முதல் 18 வோல்ற்று வரை இயங்கும். 14.4 வோல்ற்றிலே 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 6 வாற்று வரை கொடுக்கும். 12 வோல்ற்றிலே அதனினும் குறையும். அதற்குத் துணையாக வேண்டியவை மிகச் சிலவே: 220 ஓம், 2.2 ஓம், 1 ஓம் ஆகிய மூன்று தடையிகள், 10, 470, 1000 மைக்ரோபரட்டுக் கொள்ளளவிகள் ஒவ்வொன்று, 0.1 மைக்ரோபரட்டு அளவான சிறு கொள்ளளவிகள் இரண்டு. எழுதினால் ஒரு தபாலட்டையின் பாதிகூட நிரம்பாது. அந்த 1000 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி, ஐ. சி. க்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிலே வாயிற்காவலனாக நிற்பது. ஐ. சி. இறந்துபோனாலும் நேரோட்டத்தை அப்பாற் செல்லவிடாமல் மறித்து ஒலிபெருக்கியைக் காத்துவிடும். முதல் முயற்சிக்கு இச்சுற்றை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகள் அதிகம் நாடுவது இதன் உறவினனாகிய ரி. டி. ஏ. 2030 என்பதை. அது நல்ல உறுப்புத்தான். அதைப் பற்றி எங்கள் பாடசாலையிலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உயர்தரத் தொழினுட்பத் துறை மாணவி ஒருத்தி தன் சேமிப்பிலே அதனை வாங்கி, படத்திலுள்ளபடி 12-0-12 என்று பொறித்த நிலைமாற்றியோடு இணைத்தாள். ஐ. சி. எரிந்தது. இன்னொன்று வாங்கினாள், அதுவும் எரிந்தது. மூன்றாவதும் போயிற்று. கடைக்காரர் போலிப் பொருள் கொடுத்துவிட்டார் என்று வகுப்பு முழுவதும் பேசிக்கொண்டது. அவளோ, "எனக்கு இது சரிவராது, சேர். நான் கலைப் பிரிவுக்கே மாறிவிடுகிறேன்" என்று என்னிடம் வந்து நின்றாள். கலைப் பிரிவைத் தோற்றவர்களின் புகலிடமாக நினைத்த அந்தப் பேச்சு என்னைச் சற்றே சுட்டது என்பதை மறைப்பானேன். அதற்காகவேனும் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்று விஞ்ஞான ஆசிரியரை அழைத்தேன்.

அவர் பல்மானியை வைத்து அளந்தார். 12 என்று எழுதியிருந்த நிலைமாற்றி, சுமையில்லாத வேளையிலே 14 வோல்ற்றுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. சிறிய நிலைமாற்றிகளின் இயல்பே அது. பொறித்த அளவு முழுச் சுமையின்போது தருவது. அந்த ஆடலோட்டத்தைச் சீராக்கிக் கொள்ளளவியிலே சேர்க்கும்போது கிடைப்பது அதன் உச்சப் பெறுமானம், அதாவது 1.41 மடங்கு. இருவாயியிலே சிறிது குறைந்தபோதிலும், நேர்ப்பக்கத்திலும் மறைப்பக்கத்திலும் 19 வோல்ற்றுக்கு மேல் நின்றது. ரி. டி. ஏ. 2030 தாங்கக்கூடிய எல்லை ஒவ்வொரு பக்கமும் 18 வோல்ற்று. கடைக்காரரிலும் குற்றமில்லை, பிள்ளையின் கையிலும் குற்றமில்லை. படத்தை வரைந்தவர் ஓரெழுத்தை விட்டுவிட்டார். 22 வோல்ற்று வரை தாங்கும் வேறொரு வகை உண்டு. அதன் பெயர் ஈற்றிலே 'ஏ' என்ற எழுத்தோடு 'ரி. டி. ஏ. 2030 ஏ' என முடியும். 9-0-9 நிலைமாற்றியை மாற்றி வைத்ததும் நான்காவது ஐ. சி. பிழைத்துக்கொண்டது. இன்றும் எங்கள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அதுவே குரல் கொடுக்கின்றது. அப்பிள்ளையும் துறை மாறவில்லை.

இத்தகைய எல்லைகளெல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? ஒவ்வோர் ஐ. சி. க்கும் அதனை ஆக்கிய நிறுவனம் தரவுத்தாள் ஒன்றை வெளியிடுகின்றது. இணையத்திலே இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்திலே இருக்கின்றதே என்று தமிழ்மொழி மூல மாணவர்கள் அஞ்சவேண்டியதில்லை. அதனை முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. சுற்றின் படம் சூத்திரம் என்றால், தரவுத்தாள் அதற்குக் காண்டிகையுரை. நாவலர் பெருமானின் நன்னூற் காண்டிகையுரையைக் கையில் வைத்துக்கொண்டு சூத்திரத்துக்குப் பொருள் கண்ட பரம்பரை நம்முடையது; இதற்குப் பின்வாங்கலாகாது. முதற் பக்கங்களிலேயே 'தாங்கும் உச்ச எல்லை' என்னும் அட்டவணை இருக்கும். வோல்ற்றளவு, மின்னோட்டம், வெப்பநிலை என்ற மூன்று எண்களைக் குறித்துக்கொண்டாற் போதும். கால்களின் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு மொழி இல்லை.

இனிப் போலிப் பொருள்களைப் பற்றி. வகுப்பார் ஊகித்தது அன்று தவறாயிற்றேயொழிய, போலிகள் இல்லை என்பதன்று. ஆற்றல் மிகுந்த ஐ. சி. களிலும் திரான்சிற்றர்களிலுமே போலிகள் மிகுதி. அறுபதுகளிலிருந்து உலகெங்கும் விரியலாக்கிகளிலே பயன்பட்டு வந்த '2 என் 3055' என்னும் உலோகத் தொப்பித் திரான்சிற்றர் 15 அம்பியர் வரை தாங்கவேண்டியது. எரிந்துபோன போலியொன்றின் தொப்பியை அறுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கவேண்டிய சிலிக்கன் துண்டுக்குப் பதிலாக எள்ளளவிலே ஒன்று ஒட்டியிருப்பதைக் காணலாம். வெளியே பெயர் பெரியது, உள்ளே சரக்குச் சிறியது. மேலே உள்ள எழுத்து நகச்சாயம் அகற்றும் திரவத்தைத் தொட்டுத் துடைத்ததும் அழியுமானால், பழைய எழுத்தைச் சுரண்டிப் புதிதாக அச்சிட்டார்கள் என ஐயுறலாம். ஏனைய கடைகளிலும் பாதி விலைக்குக் கிடைக்குமானாலும் ஐயுறவே வேண்டும். ஆயினும் கண்ணாற் பார்த்து முடிவு செய்வது எப்போதும் இயலாது. ஆதலால் பத்து வேண்டியிருந்தாலும் முதலில் ஒன்றையே வாங்கி, ஒரு மணி நேரம் உரக்க ஓடவிட்டுப் பாருங்கள். பின்னர் அதே கடையிலே அதே பெட்டியிலிருந்து மிகுதியை வாங்குங்கள்.

தடையிகளிலும் சிறு கொள்ளளவிகளிலும் போலி செய்பவர் அரிது. அவற்றின் விலை அத்தகையது. ஆனால் அங்கே வேறொரு பொறி காத்திருக்கின்றது. மேலே சொன்ன பட்டியலில் 2.2 ஓம் தடையி ஒன்று இருந்ததல்லவா? கடையிலே "ரூ பொயின்ற் ரூ" என்று வாய்தவறிக் கேட்டால், பத்தில் ஒன்பது முறை கிடைப்பது 2.2 கிலோ ஓம். அஃதாவது ஆயிரம் மடங்கு பெரியது. 2.2 ஓம் தடையியிலே சிவப்பு, சிவப்பு, பொன், பொன் என்று வளையங்கள் இருக்கும். கிலோ ஓம் தடையியிலே சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பொன் என்று இருக்கும். மூன்றாம் வளையமே வேறுபாடு. மாறிப் போட்டால் சுற்று வலுப்படுத்தவே மாட்டாது, பிள்ளையோ ஐ. சி. யிலே குற்றம் தேடிக்கொண்டிருக்கும். கடையை விட்டு இறங்குமுன் வெளிச்சத்திலே பிடித்து வளையங்களைப் பார்க்கவேண்டும்.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறுந் தடையியிலும் ஓர் எழுத்தைப் பார்க்கவேண்டும். 'ஏ' என்று பொறித்தது நம் செவியின் இயல்புக்கு ஏற்பப் படிப்படியாகக் கூடுவது. 'பி' என்று பொறித்ததைப் போட்டால், குமிழைச் சற்றே திருப்பியதும் ஓசை அலறும்; அதன் பின் எவ்வளவு திருப்பினும் அதிகம் கூடாதது போலத் தோன்றும். கடைகளிலே எடுத்துத் தருவது பெரும்பாலும் 'பி' தான்.

எல்லாவற்றையும் கடையிலே வாங்கவேண்டுமா? வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அண்ணர் ஒருவர் இருப்பார். அவருடைய கடையின் பின்புறத்திலே உயிர்போன பெட்டிகள் மலைபோல் அடுக்கிக் கிடக்கும். அம்மலை ஒரு புதையல். அலுமினியத் துண்டுகள், ஒலிபெருக்கிகள், குமிழ்கள், ஆணிகள், நல்ல செப்புக் கம்பிகள் ஆகியவற்றுக்கு வயது ஒரு பொருட்டல்ல. ஐ. சி. யின் வெப்பத்தை வெளிவிட அதன் முதுகிலே ஓர் அலுமினியத் துண்டைக் கட்டாயம் பொருத்தவேண்டும். பழைய கணினியிலிருந்து கழற்றிய இறகு இறகான துண்டு மிக வாய்ப்பானது. கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் துண்டு சிறியது என்று கொள்ளலாம்.

மின்பகுபொருட் கொள்ளளவிகளை மாத்திரம் பழைய பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். அவை உள்ளே உலர்ந்துவிடும். தலை சற்றே உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்பது வெளிப்படை, உப்பாமலும் முடிந்திருக்கலாம். புதிதாக வாங்குங்கள். அவற்றின் நேர் முனையையும் மறை முனையையும் மாற்றிப் பொருத்தினால் வெடிக்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அந்த மலையிலே பிள்ளைகள் தொடவே கூடாத இரண்டு பொருள்களும் உண்டு. ஒன்று, பழைய பெருவயிற்றுத் தொலைக்காட்சி. அதன் கண்ணாடிக் குழாய், மின்னை அகற்றிய பின்னரும் உயர்ந்த வோல்ற்றளவைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அண்ணர் தம் கையாற் கழற்றித் தருவதை மாத்திரம் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றையது, நுண்ணலை அடுப்பு. அதனுள்ளே பருமனான அழகிய நிலைமாற்றி ஒன்று இருக்கும். விரியலாக்கிக்கு இதைப் போல வேறில்லை என்று ஆசை காட்டும். அது தருவது 2000 வோல்ற்று அளவிலே. அதைத் தொட்டவர்கள் பிழைப்பது அரிது. பெற்றோர்களே, நான் இதுவரை சொன்னவற்றுள் யாதொன்றையும் நீங்கள் மறந்துவிடலாம், இவ்விரண்டையும் மறக்கவேண்டாம்.

ஒலிபெருக்கியைத் தெரிவுசெய்வது இன்பமான வேலை. பழைய மோட்டார் வாகனத்தின் ஒலிபெருக்கி 4 ஓம் உடையது. நம் சுற்றுக்குப் பொருந்தும். முதுகிலே எழுத்து அழிந்திருந்தால் பல்மானியால் அளக்கலாம். 4 ஓம் உடையது 3 ஓமுக்குச் சற்று மேலாகவும், 8 ஓம் உடையது 6 ஓம் அளவிலும் காட்டும். குறைவாகக் காட்டுவதைக் கண்டு பழுது என்று எறிந்துவிடாதீர்கள். கூம்பை இரு பெருவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை கேட்டால் உள்ளே சுருள் இடம்பெயர்ந்துவிட்டது. பெட்டி செய்யப் பலகை இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். மண்பானையின் வாயிலே ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்துக் கேட்டவர்கள் நம் கிராமங்களிலே உண்டு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஓசைக்கு அந்தப் பானை செய்யும் உபசாரத்தை விலையுயர்ந்த சில பெட்டிகளும் செய்வதில்லை. என் செவிக்கு அப்படி. இளைஞர்கள் வேறுவிதமாகவும் சொல்வார்கள்.

முழுவதும் பொருத்திய ஆயத்தத் தகடுகள் கடையிலே மலிவாகக் கிடைக்கின்றனவே, தனித்தனி உறுப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒலி மாத்திரமே வேண்டியவர்கள் தாராளமாக அதனை வாங்கலாம். நான் குறை சொல்லேன். ஆனால் அத்தகடு பழுதானால் குப்பைக்குப் போகும். தானே தேடிப் பொருத்திய விரியலாக்கி பழுதானால், எந்த உறுப்பு எங்கே வாங்கியது, அதன் எல்லை என்ன என்பதெல்லாம் அப்பிள்ளைக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமையே அது மறுபடி பாடும்.

கடைக்குப் போகும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து புறக்கோட்டைக்கு வருபவர்கள் போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து, பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுண்டு. தூரத்துப் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பும் கடைகள் இப்போது உண்டு. ஒருவருக்காக அல்லாமல் நால்வருக்காகச் சேர்த்துக் கேட்டால் தபாற்செலவு நான்காகப் பிரியும். ஐ. சி. யிலே இரண்டும், தடையிகளிலே பத்தும் வாங்குங்கள். கடையிலே பட்டியலை நீட்டாமல் நீங்களே வாசித்துக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் வாங்கியதும் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலை விஞ்ஞான கூடத்திலே இதற்கென்று ஒரு கொப்பி தொங்குகின்றது. எந்த உறுப்பு, எந்த நாளில், எந்தத் தெருக் கடையில், என்ன விலைக்கு வாங்கப்பட்டது, வாங்கியபின் எப்படி உழைத்தது என்று மாணவர்கள் தாமே எழுதிவருகிறார்கள். போலியாய்ப் போனவற்றுக்கு எதிரே சிவப்பு மையால் ஒரு புள்ளி. மிஞ்சிய உறுப்புக்கள் பிஸ்கற்றுத் தகரம் ஒன்றிலே கிடக்கின்றன. அக்கொப்பியின் கடைசிப் பக்கத்திலே சென்ற வாரம் யாரோ எழுதியிருந்தார்கள்: "2.2 ஓம் ஒன்பது மிச்சம். தகரத்தில் இருக்கின்றது. வேண்டியவர்கள் எடுக்கலாம்."